கிச்சுகிச்சும் காதில் கேட்கும் குரலும்

மனச்சிதைவு நோயைப் பற்றி வாசகர் ஒருவர் சுற்றி வளைக்காமல் கேட்டிருந்தார்: "குரல் கேட்கிறது என்கிறார்களே, உண்மையிலேயே கேட்குமா, இல்லை கேட்பதாக நினைத்துக்கொள்கிறார்களா?"

கேட்கிறது. பக்கத்து அறையில் யாரோ பேசுவது உங்களுக்குக் கேட்பது போலவே கேட்கிறது. குரல் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்திலேயே சிலருடைய மூளையைப் படமெடுத்திருக்கிறார்கள். ஒலியைக் கேட்கும் பகுதி வேலை செய்துகொண்டிருந்தது, அது கூடப் பரவாயில்லை, வாயைத் திறந்து பேசும்போது வேலை செய்யுமே ஒரு பகுதி, அதுவும் சேர்ந்து விழித்திருந்தது. கேட்கிறவருக்குப் பேசும் பகுதி எதற்கு?

அதற்குள் போகும் முன் அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த நோய்க்கு ஸ்கிசோஃப்ரினியா என்று 1908-ல் பெயர் வைத்தவர் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஓய்கன் புளூய்லர். கிரேக்கத்தில் 'பிளவு', 'மனம்' என்ற இரண்டு சொற்களை ஒட்டியது. வைத்ததுதான் வைத்தார், அன்றிலிருந்து ஒரே உடம்புக்குள் இரண்டு ஆட்கள் இருக்கும் நோய் இது என்று பாதி உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. அப்படி இரண்டு ஆட்களாக இருப்பது வேறு கோளாறு, இது அல்ல. எண்ணம், உணர்ச்சி, புலனறிவு இவை ஒன்றோடொன்று சேர்ந்து போகாமல் பிரிந்துவிடுவதைத்தான் அவர் பிளவு என்றார். உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தலைகாட்டும். மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு, ஆனால் அது மட்டுமே காரணமில்லை. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்கு வராமல் போவதே பாதிக்கு மேல்.

சரி, குரலுக்கு வருவோம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணின் ஓரத்தை இமைக்கு மேலாக விரலால் மிக மெல்ல அழுத்திப் பாருங்கள். எதிரில் இருக்கும் காட்சியே ஆடும். ஆனால் உங்கள் கண் விரலின் உதவி இல்லாமலே நாள் முழுக்க இங்கும் அங்கும் தாவிக்கொண்டுதான் இருக்கிறது, அப்போது எதுவும் ஆடுவதில்லை. விழித்திரைக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டிலும் படம் நகர்கிறது. அப்படியானால் வித்தியாசம் எங்கே?

மூளை கண் தசைக்கு 'வலப்பக்கம் திரும்பு' என்று ஆணை அனுப்பும்போது, அந்த ஆணையின் நகல் ஒன்றைப் பார்க்கும் பகுதிக்கும் அனுப்பிவைக்கிறது. 'கண்ணைத் திருப்பப் போகிறேன், படம் நகரும், அது என் வேலைதான், நீ கண்டுகொள்ளாதே' என்று முன்கூட்டியே ஒரு தகவல். விரல் தள்ளும்போது கண் தசைக்கு ஆணையே போகவில்லை, அதனால் நகலும் இல்லை. ஆகவே உலகம்தான் ஆடியது என்று மூளை முடிவு கட்டுகிறது. 1950-ல் ஸ்பெர்ரி என்ற ஆய்வாளர் மீன்களிலும், ஃபான் ஹோல்ஸ்ட், மிட்டல்ஷ்டெட் என்ற இருவர் ஈக்களிலும் தனித்தனியாக ஆராய்ந்து இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த சாட்சி சுவர்க்கோழி. அதற்குக் காது முன்னங்காலில் இருக்கிறது, இறக்கைகளை உரசி அது போடும் சத்தமோ அதன் காதையே செவிடாக்கும் அளவு பெரியது. ஆனாலும் செவிடாவதில்லை. இறக்கையை அசைக்கும் ஆணை போகும் அதே நொடியில், கேட்கும் நரம்பணுக்களை அடக்கும் செய்தியும் போய்விடுகிறது. சந்தேகப்பட்ட ஆய்வாளர்கள் சுவர்க்கோழியை ஒரே இறக்கையோடு 'பாட' வைத்துப் பார்த்தார்கள். உரசுவதற்கு இன்னொன்று இல்லாததால் சத்தமே வரவில்லை, அப்போதும் அடக்கும் செய்தி தாளம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது! அந்த வேலையைச் செய்யும் நரம்பணுவையே 2006-ல் அடையாளம் கண்டுவிட்டார்கள்.

நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததும் இதனால்தான். விரல் எங்கே படும் என்பது முன்பே தெரிந்துவிடுவதால் மூளை அந்த உணர்வைக் கழித்துவிடுகிறது. லண்டனில் சாரா-ஜெய்ன் பிளேக்மோரும் கிறிஸ் ஃபிரித்தும் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து இதைச் சோதித்தார்கள். தன் கையாலும் பிறர் கையாலும் உள்ளங்கையைத் தடவினால் எது அதிகம் கூசுகிறது என்று கேட்டபோது, மற்றவர்கள் பொதுவாகப் பிறர் கை என்றார்கள். குரல் கேட்கும் நோயாளிகளுக்கோ இரண்டும் ஒரே மாதிரி இருந்தது.

இப்போது உள்பேச்சை நினைத்துப் பாருங்கள். 'கதவைப் பூட்டினேனா', 'இவனிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது' என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் பேச்சு. அதுவும் பேச்சுதான், பேசும் பகுதி அதற்கும் வேலை செய்கிறது. 'இது என்னுடையது' என்ற நகல் மட்டும் சரியாகப் போய்ச் சேராவிட்டால், வந்த பேச்சுக்குச் சொந்தக்காரர் இல்லாமல் போகிறது. மூளை வெளியே ஆளைத் தேடுகிறது. 1940-களின் இறுதியில் லூயி கூல்டு என்ற மருத்துவர் ஒரு நோயாளியின் தொண்டையருகே நுண்ணிய ஒலிவாங்கியை வைத்தார். யாருக்கும் கேட்காத முணுமுணுப்பு அதில் பதிவானது, குரல் சொன்னதாக நோயாளி சொன்னதும் அதுவும் பொருந்தின. பின்னாளில் மூளையின் மின் அலைப் பதிவுகளும் இதே பக்கம்தான் கைகாட்டின. நாம் பேசும்போது நம் குரலுக்குக் கேட்கும் பகுதி காட்டும் எதிர்வினை குறைந்துவிடும், நோயாளிகளிடம் அந்தக் குறைவு சரியாக நடப்பதில்லை.

அப்புறம் டோபமைன். 'இதைக் கவனி, இது முக்கியம்' என்று முத்திரை குத்தும் வேதிப்பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனச்சிதைவில் அந்த முத்திரை கண்டதன்மேல் எல்லாம் விழுகிறது. வண்டி எண், யாரோ இருமியது, தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவரின் பார்வை, எல்லாமே தனக்காக நடந்தது போலத் தெரியும். அந்த உணர்வு முதலில் வந்துவிடுகிறது, 'என்னை வேவு பார்க்கிறார்கள்' என்பது அதற்குப் பிறகு மனம் கட்டிக்கொள்ளும் விளக்கம். அதனால்தான் வாதம் செய்து யாரையும் இதிலிருந்து மீட்க முடிவதில்லை. பேய் பிடித்திருக்கிறது என்று ஓட்டப் புறப்படுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? சிகிச்சை தொடங்கத் தாமதமாகத் தாமதமாகத் தேறுவதும் கடினமாகிறது. அந்த மாதங்களைத் திருடுவது பேய் இல்லை.

1952-ல் பாரிஸில் குளோர்புரோமசினைக் கொடுத்துப் பார்த்ததிலிருந்து எழுபது வருடமாக வந்த மருந்துகள் எல்லாமே டோபமைன் ஏற்பியை, அதாவது நரம்பணுவில் டோபமைன் வந்து ஒட்டும் இடத்தை, சுற்றியே வந்தன. குரலையும் சந்தேகத்தையும் அடக்குவதில் பலருக்கு நன்றாகவே உதவுகின்றன. ஒதுங்கிப் போவது, எதிலும் ஊக்கமில்லாமல் இருப்பது, நினைவு தடுமாறுவது ஆகியவற்றை இவை அவ்வளவாகத் தொடுவதில்லை. வேறு வழியில் போகும் சனோமலின் 2024-ல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் புதிதா என்றால் இல்லை, 1990-களில் அல்சைமருக்காகச் சோதித்து, வயிற்றைப் படுத்துகிறது என்று ஓரங்கட்டிய மருந்து. சிறுநீர்ப்பைக்குத் தரும் டிராஸ்பியம் மூளைக்குள் அதிகம் நுழையாது, அதனால் சனோமலினை மூளையில் விட்டுவிட்டு உடம்பின் மற்ற இடங்களில் மட்டும் தடுக்கும்; அதைக் கூடச் சேர்த்ததும் அந்தத் தொல்லை தாங்கும் அளவுக்குக் குறைந்தது. இவ்வளவுதான் விஷயம். இதற்கு ஏன் இத்தனை வருடம் என்று கேட்டால், மனநோய் ஆராய்ச்சிக்குக் காசு போட ஆளில்லை என்பதுதான் என் எண்ணம்.

நோயாளிகளில் சிலர் தாங்களாகவே கண்டுபிடித்த உபாயம் ஒன்றும் உண்டு. குரல் தொடங்கியதும் வாயை மூடியபடி மெல்ல ராகம் இழுப்பார்கள். எல்லோருக்கும் பலிப்பதில்லை, மாத்திரைக்கு மாற்றும் அல்ல. ஆனால் தொண்டையை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டால் அந்தக் குரல் தணிகிறது என்று அவர்கள் சொல்லும்போது, கூல்டு வைத்த ஒலிவாங்கிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.