"சில பிழைகள் திருத்தப்பட்டன" எண்டா என்ன பிழை?

போன கிழமை சுன்னாகத்தில ஒரு ஹாட்வெயார் கடை. பில் போடுற கொம்பியூட்டரில எல்லா ஃபைலும் பூட்டுப்பட்டு, காசு கேட்டு எழுதின ஒரு இங்கிலிஸ் கடிதம் மட்டும் திறபடுது. கொம்பியூட்டர் திருத்துற எனக்கு இந்த வருசம் இது நாலாவது. வீட்டில இருந்து கடைக் கணக்குப் பாக்கிறதுக்கு ஒரு சொஃப்ட்வெயார் போட்டிருக்கினம், அதின்ர ஓட்டையாலதான் பூந்திருக்கிறாங்கள். அப்டேற் வந்து மூண்டு மாசம், முதலாளி "பிறகு" எண்டதை அமத்தி அமத்தி விட்டிருக்கிறார். நான் ஏசத் தொடங்க மனுசன் அந்த அப்டேற் குறிப்பைத் திறந்து காட்டினார்: "சில பிழைகள் திருத்தப்பட்டன, வேகம் கூட்டப்பட்டது."

"தம்பி, கள்ளன் வருவான் எண்டு எழுதியிருந்தா போட்டிருக்க மாட்டனே?"

ஏச வந்த நான் வாயை மூடிட்டன்.

எங்கட தொழில்காரரே சிலபேர் சொல்லினம், விபரம் எழுதினா ஹக்கருக்கு வழி காட்டினமாதிரி, மறைக்கிறதுதான் நல்லம் எண்டு. எனக்குக் கோவம் வாறதே இதுக்குத்தான். வேலியில நாய் பூந்த பொட்டை அடைக்கிறியள், பழங் கிடுகுக்கு நடுவில புதுக் கிடுகு. பொட்டு எங்க இருந்ததெண்டு ஒழுங்கையால போறவனுக்கு ஆரும் வாயால சொல்லவேணுமே? ஒரே ஆள் அடைச்ச வேலி அயலில நூறு வீட்டில இருந்தா நூறிலயும் அதே இடத்திலதான் பொட்டு. அப்டேற்றும் இதுதான், பழைய ஃபைலையும் புது ஃபைலையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு எது மாறியிருக்கெண்டு காட்ட தனி சொஃப்ட்வெயாரே இருக்கு, கைதேர்ந்தவனுக்கு சிலவேளை ஒரு நாள் காணும். மைக்ரோசொஃப்ட் மாசத்தில இரண்டாவது செவ்வாய் அப்டேற் விடுறதால அடுத்த நாளை "எக்ஸ்ப்ளொயிட் வெட்னஸ்டே", ஓட்டையால பூருற புதன் எண்டு நாங்கள் பகிடியாச் சொல்லுறது சும்மா இல்லை. மறைச்சா தெரியாமப் போறது கடைக்காரருக்கும் எனக்கும்தான்.

அதுக்காக உடைக்கிற விதத்தைப் படிப்படியா முதல் நாளே போடச் சொல்லேல்லை. குறோம் பிறவுசர்காரர் செய்யிறது எனக்குச் சரியாப் படுது: சிவிஇ நம்பர் (ஒவ்வொரு ஓட்டைக்கும் எல்லாருக்கும் பொதுவாக் குடுக்கிற இலக்கம்), எவ்வளவு ஆபத்து, எந்தப் பகுதியில பிழை, ஏற்கனவே அதை வைச்சு அடிக்கிறாங்கள் எண்டா அதுக்கு ஒரு வரி, மிச்ச விபரம் கனபேர் அப்டேற் பண்ணும்வரைக்கும் பூட்டு. பாஸ்வேர்ட் இல்லாமலே உள்ள வரலாமோ, இண்டைக்கு அப்டேற் போட ஏலாட்டி எதை நிப்பாட்டி வைக்கிறது, இதையும் சொன்னா எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்.

சரி, ஒழுங்கா எழுதினா மட்டும் வாசிக்கிறமோ? 2017 மார்ச் 14 மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் ஓட்டையை அடைக்கிற எம்எஸ்17-010 எண்ட அப்டேற்றை "கிரிட்டிக்கல்" எண்டு போட்டே விட்டது, ஏப்ரலில அந்த ஓட்டைக்கான ஆயுதமும் வெளியில கசிஞ்சது, இதேமாதிரி ஃபைலைப் பூட்டிக் காசு கேக்கிற வன்னாக்ரை அதால பூந்து அடிச்சது மே 12. ரெண்டு மாசம் இருந்தது! "டேட்டா முடியும்", "பில் போடேக்க ரீஸ்டார்ட் ஆகும்" எண்ட கதையள் என்னட்டச் சொல்லாதேங்கோ, இரவு கடை பூட்டேக்க போட்டுவிட்டிட்டுப் போங்கோ. குறிப்பில "செக்கியூரிட்டி" எண்ட சொல் கண்டா அண்டைக்கே. விளங்காட்டி ஸ்கிரீனைப் படம் எடுத்து வட்ஸப்பில அனுப்புங்கோ, அதுக்கு நான் காசு கேக்கமாட்டன்.

பேக்கப் எடுத்த டிஸ்க்கைக் கழட்டி வையுங்கோ, ப்ளீஸ். சுன்னாகத்தில அது மெஷினில குத்தினபடியே இருந்து சேந்து பூட்டுப்பட்டுட்டுது. முதலாளி இப்ப ஆர் ஆர் எவ்வளவு கடன் எண்டு ஞாபகத்தில இருந்து சீஆர் கொப்பியில எழுதிக்கொண்டிருக்கிறார்.