ஸ்வீட் பீ வேர்ல இருக்குற அந்த முண்டு நோயில்ல

மதுரை ஆனையூர்ல இருந்து ஒரு அக்கா போட்டோ அனுப்பி கேட்டிருந்தாங்க. மாடியில க்ரோ பேக்ல ஸ்வீட் பீ (பட்டாணி குடும்பத்துப் பூக்கொடி) போட்டிருக்காங்க, நெருக்கமா மொளச்சிருச்சுன்னு ரெண்டு செடியை புடுங்கிப் பாத்தா வேர் பூரா முண்டு முண்டா இருக்கு. பக்கத்து வீட்டுல ஒருத்தர் இது வேர்ப்புழு, எல்லாத்தையும் புடுங்கி எரிச்சிருங்கன்னு சொல்றாரு, இன்னொருத்தவுங்க பூச்செடின்னா நாலு பேரு கண்ணு படத்தான் செய்யும், படிகாரம் வாங்கி கட்டுன்னு சொல்லிருக்காங்க. அக்கா, படிகாரமும் வேணாம், எரிக்கவும் வேணாம். அந்த முண்டுதான் உங்க செடிக்கு சோறு போடுது, அதுக்குள்ள நல்ல பாக்டீரியா குடியிருக்கு.

மொதல்ல ஒரு சின்ன டெஸ்ட். பக்கத்து வீட்டுக்காரர் சொல்ற வேர்ப்புழு, அதாவது நூற்புழுவால வர்ற வீக்கம்னா வேரே உப்பிக்கிட்டு போயிருக்கும், நகத்தால தட்டுனா கழண்டு வராது. பட்டாணி குடும்பத்து வேர்முண்டு அப்படியில்ல, வேரோட பக்கவாட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கும், லேசா தேய்ச்சாலே உதிந்துரும். ஒன்னை எடுத்து பிளேடால நீளவாக்குல ரெண்டா கீறுங்க. உள்ள செவப்பா, இளஞ்செவப்பா ஈரம் தெரிஞ்சா செடி ஜோரா இருக்குன்னு அர்த்தம். கொஞ்ச நேரம் காத்துல வச்சீங்கன்னா பழுப்பாயிரும், அதனால கீறுன உடனே பாருங்க. உள்ள வெறும் வெள்ளையா இருந்தா இன்னும் வேலை ஆரம்பிக்கல, இல்லன்னா உள்ள இருக்குற பாக்டீரியா உருப்படாத ரகம்.

அந்த செவப்பு ஏன்னு கேட்டா, அது ஹீமோகுளோபினோட நெருங்குன சொந்தம். செடிக்குள்ள! பேரு லெக்ஹீமோகுளோபின். 1939ல ஜப்பான்காரர் கூபோ சோயாபீன் வேர்முண்டுல இருக்குற செவப்பு நம்ம ரத்தத்துல இருக்குற மாதிரி ஹீம்ங்குற இரும்பு கலந்த செவப்புச் சமாச்சாரம்தான்னு கண்டுபிடிச்சாரு. செடிக்கு எதுக்கு ரத்தச் செவப்புன்னு யோசிச்சா, எனக்கு இன்னைக்கும் புல்லரிக்குது, அதைத்தான் கொஞ்சம் விரிவா சொல்லப்போறேன்.

காத்துல 78 சதவீதம் நைட்ரஜன், ஸ்கூல்ல படிச்சதுதான். ஆனா ரெண்டு நைட்ரஜன் அணு மூணு பிணைப்புல இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்குறதால செடியால அதை நேரா எடுத்துக்க முடியாது. யூரியா ஃபேக்டரிக்கு வேணும்கிற அம்மோனியாவுக்கு அந்தப் பிணைப்பை உடைக்க 400, 500 டிகிரி சூடும் 150, 200 மடங்கு காத்தழுத்தமும் வேணும். வேர்முண்டுக்குள்ள இருக்குற ரைசோபியம் பாக்டீரியா இதே வேலையை உங்க தொட்டி மண்ணு சூட்டுலயே பண்ணுது, நைட்ரஜனேஸ்னு ஒரு என்சைம வச்சு. வேர்முண்டு இருக்குற செடி காத்து நைட்ரஜனை எடுக்குதுன்னு 1886ல ஜெர்மனியில ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் காட்டுனாங்க, ரெண்டு வருஷத்துல பெயரிங்க்னு டச்சுக்காரர் பாக்டீரியாவ தனியா பிரிச்சே எடுத்துட்டாரு.

இப்ப சிக்கல் என்னண்டா, அந்த நைட்ரஜனேஸுக்கு ஆக்சிஜன் ஆகவே ஆகாது, பட்டா கெட்டுப்போகும், திரும்ப சரியாகாது. ஆனா ஒரு நைட்ரஜன் மூலக்கூற உடைக்க 16 ஏடிபி (செல்லுக்குள்ள எனர்ஜிய சுமக்குற மூலக்கூறு) செலவு, அம்புட்டு எனர்ஜி தயாரிக்கணும்னா பாக்டீரியா மூச்சு விட்டே ஆகணும், அதுக்கு ஆக்சிஜன் வேணும். சிவகாசி பட்டாசு குடோனுக்குள்ள உக்காந்து சமைக்கணும்கிற மாதிரி ஒரு நெலமை. செடி இதுக்கு கண்டுபிடிச்ச வழிதான் அந்த செவப்பு. முண்டோட வெளித்தோல் பக்கம் நெருக்கமான செல் அடுக்கு ஒன்னு ஆக்சிஜன் உள்ள வர்றதையே கட்டுப்படுத்துது. அதையும் தாண்டி உள்ள வர்றதை லெக்ஹீமோகுளோபின் டக்குனு புடிச்சுக்குது, சும்மா திரியவிடாது, நேரா பாக்டீரியா பக்கத்துல கொண்டுபோய் கொஞ்சங் கொஞ்சமா கையில குடுக்குது. சும்மா மிதக்குற ஆக்சிஜன் ரொம்ப ரொம்பக் கம்மி, ஆனா மூச்சுக்கு சப்ளை நிக்காது. நைட்ரஜனேஸும் பொழைக்குது, பாக்டீரியாவும் பொழைக்குது.

இன்னொன்னும் பாருங்க, உளுந்து, தட்டப்பயறுல முண்டு உருண்டையா இருக்கும், பட்டாணி, ஸ்வீட் பீல நீளமா வெரலாட்டம் இருக்கும். காரணம், நுனியில வளர்ற பகுதி நிக்காம வளந்துக்கிட்டே போகுது. அதனால ஒரே முண்டுல அதோட வாழ்க்கை பூரா தெரியும்: நுனி வெள்ளை, இப்பத்தான் பாக்டீரியா நொழையுற இடம், நடு செவப்பு, வேலை நடக்குற இடம், வேரை ஒட்டுன அடிப்பகுதி பச்சை, வயசாகி ஹீம் சிதைஞ்ச இடம். நடுவுல இருக்குற பாக்டீரியாவ செடி தன்னோட சின்னச்சின்ன புரதங்கள அனுப்பி உருவத்தையே மாத்திருது, பெருசா வீங்கி Y மாதிரி கவட்டையா ஆயிரும், அதுக்கப்புறம் அதால பெருகவே முடியாது. உளுந்து முண்டுல இருக்குறது மண்ணுக்குத் திரும்பிப் போய் வாழலாம், பட்டாணி முண்டுல உருமாறுனதுக்கு அந்த வாய்ப்பு கிடையாது. உருமாறாம வழியில தங்கிருச்சே கொஞ்சம், அதுதான் திரும்ப மண்ணுக்குப் போகும்.

சரி, எல்லா ஸ்வீட் பீலயும் இது வருமா? வராது, அதுலதான் நம்ம ஊருக்காரங்க ஏமாந்துபோறாங்க. வேரு மண்ணுல விடுற ஃப்ளேவனாய்டுங்குற வேதிப்பொருள வச்சுத்தான் பாக்டீரியா இது நம்ம செடின்னு அடையாளம் காணுது, பதிலுக்கு அது ஒரு பொருளை விட்டாத்தான் வேர்த்தூவி சுருண்டு அதை உள்ள சேத்துக்குது. ரெண்டு பக்கமும் ஒத்துப்போகணும். உசிலம்பட்டி பக்கம் தட்டப்பயறு, மொச்சை, கடலைன்னு தலைமுறை தலைமுறையா போடுற மண்ணுல அந்த செடிகளுக்கான கூட்டம் நெறைய இருக்கும், அது ஸ்வீட் பீக்கு ஆகாது. பட்டாணி, மசூர் இதுகளுக்கு ஆகுற ரகம்தான் ஸ்வீட் பீக்கும் ஆகும். தென்னை நார் கழிவு மட்டும் போட்ட பேக்ல எதுவுமே இருக்காது. ஆனையூர் அக்காவுக்கு முண்டு வந்ததுக்கு காரணம், வெதை வாங்குன எடத்துல பட்டாணிக்கான ரைசோபியம் பாக்கெட்டும் சேத்து குடுத்திருக்காங்க. நீங்களும் கேக்குறப்ப "பட்டாணிக்கு உள்ளது"ன்னு சொல்லிக் கேளுங்க. ராத்திரி ஊறவச்ச வெதைய ஆறுன கஞ்சியில கலந்த ரைசோபியத்துல பெரட்டி நெழல்ல அரை மணி நேரம் காயவச்சு போடுங்க. கொடைக்கானல் மேல்மலையில பட்டாணிக் காட்டு மண்ணு ஒரு கை அள்ளிட்டு வரலாமேன்னு தோணும், வேணாம், அங்க உருளைக்கிழங்கு நூற்புழு இருக்கு, அதையும் சேத்து எறக்கிருவீங்க.

ஐப்பசி கடைசி, கார்த்திகை மொதல்ல வெதைச்சாத்தான் மார்கழி, தை குளிர்ச்சியில பூக்கும், மாசி தாண்டுனா வெயில் விடாது. வெயில் செடிய மட்டும் இல்ல முண்டையும் அடிக்கும், மண்ணு சூடு 30 டிகிரிக்கு மேல போனா பட்டாணி முண்டு சரியா வராது, அதனால மாடியில கருப்பு பேக்க நேரா தளத்துல வைக்காம செங்கல் மேல வைங்க, மேல காஞ்ச சருகு போடுங்க. யூரியா போடவே போடாதீங்க, அது மண்ணுல நைட்ரேட்டா மாறும், நைட்ரேட் சும்மா கிடைச்சா செடி முண்டு போடுறதையே நிறுத்திக்கும். ஏன்னா அந்த 16 ஏடிபிக்கு சர்க்கரை அதோட இலைதான் குடுக்கணும், சும்மா கிடைக்கிறப்ப எதுக்கு செலவு பண்ணப்போகுது.

எனக்கு இதுல ஒரு ஆத்திரம் இருக்கு. உர மானியத்துக்கு வருஷம் லட்சம் கோடி ரூபாய்க்கு மேல போகுது. ஆனா நம்ம மண்ணுக்கும் நம்ம வெயிலுக்கும் தாங்குற ரைசோபியம் ரகத்த தேடி எடுத்து உயிரோட பாக்கெட்ல கடைக்குக் கொண்டுவர்ற வேலைக்கு அந்தக் காசுல ஒரு துளி போனாக்கூட நல்லா இருக்கும். வெயில்ல கடை வாசல்ல கிடந்து உள்ள இருக்குறது செத்துப்போன பாக்கெட்ட விவசாயி காசு குடுத்து வாங்கிட்டு, இதெல்லாம் வேலைக்காகாதுன்னு சொன்னா அவர் மேல என்ன தப்பு? வாங்குறவுங்க காலாவதி தேதி பாத்து நெழல்ல வச்சிருக்குறத வாங்குங்க.

வீட்டுல சின்னப்புள்ளைங்க இருந்தா ஒன்னு கவனிங்க, ஸ்வீட் பீ காயும் வெதையும் பாக்க பட்டாணி மாதிரியே இருக்கும், ஆனா விஷம், வாயில வைக்கவிடக் கூடாது. வெதைக்கு வேணும்னு ஒன்னு ரெண்டு விட்டுட்டு மத்தத பூவா இருக்கும்போதே பறிச்சுருங்க, பறிக்கப் பறிக்கத்தான் மேல பூக்கும்.

மாசியில கொடி காஞ்சதும் வேரோட புடுங்காம மண்ணு மட்டத்துல அறுத்து விட்டுருங்க. நைட்ரஜன் பெரும்பாலும் இலையிலயும் தண்டுலயும்தான் இருக்கும், அதனால அறுத்த கொடியவும் நறுக்கி அதே பேக்ல போட்டு மூடி, சித்திரையில அதுலயே கீரை வெதைங்க.