ஊதச் சொன்னால் ஊதுங்கள், மணியையும் பார்த்துக்கொள்ளுங்கள்

முகூர்த்த மாதத்தில் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ராத்திரி பத்து மணிக்கு மேல் போலீஸ் வண்டியை மறித்து, குடித்திருக்கிறோமா என்று பார்க்க மெஷினில் ஊதச் சொல்வது சகஜம். போன தையில் எங்கள் அயித்தான் மாட்டினார். பிராந்தி பாட்டிலைக் கையால் தொடாத மனுஷன், கல்யாணப் பந்தியில் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு, செரிக்கட்டுமே என்று காரில் இருந்த ஆயுர்வேத மருந்தான தசமூலாரிஷ்டத்தை ரெண்டு மூடி குடித்து வண்டியை எடுத்தார், அரை கிலோமீட்டர் போவதற்குள் மறித்தார்கள், மெஷின் 41 காட்டியது.

அரிஷ்டம் புளிக்கும்போதே ஆல்கஹால் உண்டாகும், லேபிளில் போட்டிருப்பான். வாயில் ஒட்டியிருப்பதையும் மெஷின் சேர்த்து எடுத்துக்கொள்ளும், மவுத்வாஷுக்கும் இதே கதைதான். கால் மணி நேரம் விட்டு ஊதினால் வாயில் இருந்தது போய்விடும். அயித்தான் மன்றாடி மறுபடி ஊதினார், பூஜ்யம்.

மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவில் வரம்பு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். அதைத் தாண்டினால் முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டுமே. மறுபடி சிக்கினால் 15,000, சிறை இரண்டு வருஷம் வரை. ஆக, இந்தப் பிரிவுக்கு அளவு வேண்டும். வாடை அடித்தது, தள்ளாடினார், உளறினார் என்பதை வைத்து மட்டும் குடித்திருந்தார் என்று முடிவுகட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே சொல்லிவிட்டது. கேரள உயர் நீதிமன்றம் 2025-ல் இன்னொன்று சொன்னது: ஒருவரை ஊத வைக்கும் முன் மெஷின் வெறும் காற்றில் பூஜ்யம் காட்ட வேண்டும். நம்ம ஊர் கோர்ட்டை அது கட்டுப்படுத்தாது, வக்கீல் எடுத்துக் காட்டலாம். அதனால் திரையை நீங்களே பாருங்கள், மெஷினிலிருந்து சீட்டு வந்தால் அதிலிருக்கும் பெயரையும் நேரத்தையும் போட்டோ எடுங்கள்.

பலரும் கோட்டை விடுவது 202-வது பிரிவில். இந்தக் குற்றத்துக்காகக் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற டாக்டரிடம் பரிசோதனை நடந்தாக வேண்டும், நடக்காவிட்டால் காவலிலிருந்து விட்டாக வேண்டும். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை, ஜீப் வரட்டும் என்று இழுப்பதில்தான் இது தவறிப்போகும். கைதான நிமிஷத்தை வீட்டுக்கு ஒரு மெசேஜாக அனுப்பி வையுங்கள், பின்னால் அதுதான் கைகொடுக்கும். பெண்ணிடம் ஆண் டாக்டர் ரத்தம் எடுத்தால் கூட ஒரு பெண் இருக்க வேண்டும்.

சரி, ஊதவே மாட்டேன் என்று அடம்பிடிக்கலாமா? வேண்டாம். குடித்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் மறுத்ததற்கே கைது செய்யலாம், தகுந்த காரணமில்லாத மறுப்பு கோர்ட்டில் உங்களுக்கு எதிராகவும் போகும். மெஷினில் சந்தேகம் இருந்தால் ஊதிவிட்டு, ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று வாயைத் திறந்து கேளுங்கள்.

அப்புறம், லைசென்ஸை வாங்கி வைத்தால் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். 185-வது பிரிவு ரோட்டிலேயே பணம் கட்டிச் சமரசத்தில் முடிகிற வழக்கும் இல்லை, ரோட்டில் யாராவது "ரெண்டாயிரம் கொடு, விட்டுடறேன்" என்றால் அது அபராதம் இல்லை.