இரண்டு புள்ளி எண்டா நல்லமா, கூடாதா?

“தம்பி, மகன்ட கிளினிக் கொப்பியில ரெண்டு எண்டு எழுதியிருக்கு. ரெண்டு எண்டா நல்லமா, கூடாதா?”

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவர் கேட்டது இது. பதின்மூன்று வயது மகனுக்குக் கழுத்தில் நெறி கட்டியது, வாரக்கணக்கில் வற்றவில்லை. துண்டெடுத்துச் சோதித்ததில் ஹொட்ஜ்கின் லிம்போமா, அதாவது நிணநீர்க்கணுவில் தொடங்கும் புற்றுநோய் என்று உறுதியானது. கொப்பியில் இருந்த ரெண்டு, சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பும் ஆபத்து எவ்வளவு என்று கணிக்கும் புள்ளி. பிள்ளை எடுக்கும் புள்ளி கூடக் கூட மகிழும் ஊர் எங்களுடையது. இந்தக் கணக்கில் மட்டும் பூச்சியம்தான் நல்லது.

புள்ளி போடும் முறை எளிது. நோயைக் கண்டறியும் நாளில் நான்கு விடயங்களைப் பார்க்கிறார்கள். காய்ச்சல் இருந்ததா? குருதியில் அல்புமின் லீற்றருக்கு 35 கிராமுக்குக் குறைவா? நெஞ்சின் நடுவே பெரிய கட்டியா? நோய் நான்காம் நிலையா, அதாவது சுவாசப்பை, ஈரல், என்புமச்சை போன்ற உறுப்புகளுக்குப் பரவிவிட்டதா? ஒவ்வொரு ‘ஆம்’ என்பதற்கும் ஒரு புள்ளி.

‘பெரிய கட்டி’ என்பதற்கும் அளவு உண்டு. நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் நெஞ்சின் அகலம் 24 சென்ரிமீற்றர், கட்டியின் அகலம் 9 என்றால், அது மூன்றிலொரு பங்கான 8ஐத் தாண்டுகிறது. ஒரு புள்ளி. அக்காவின் மகனுக்கு இதுவும் காய்ச்சலும் சேர்ந்துதான் இரண்டு.

இந்த நான்கில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது அல்புமின். அது ஈரல் செய்யும் புரதம். கட்டி இருப்பதோ கழுத்திலும் நெஞ்சிலும். இந்த நோயில், கட்டிக்குள் உண்மையான புற்றுக்கலங்கள் மிகச் சிலவே. மற்றவை அவை வரவழைத்த நோயெதிர்ப்புக் கலங்கள். அந்தக் கூட்டம் சுரக்கும் இரசாயனச் செய்திகள் குருதியில் ஏறி ஈரலை அடைகின்றன. அல்புமின் செய்வதை ஈரல் குறைத்துக்கொள்கிறது. அதே செய்திகள் மூளைக்குப் போய் உடல் வெப்பத்தை உயர்த்துகின்றன. எக்ஸ்ரே கட்டியின் பருமனைக் காட்டும். அல்புமினும் காய்ச்சலும் அது உடம்பு முழுவதும் போடும் இரைச்சலைக் காட்டும். ஆனால் டெங்குவிலும் அல்புமின் இறங்கும், சிறுநீரக நோயிலும் இறங்கும். ஆகவே வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்காமல் அந்த எண்ணை நம்பக்கூடாது.

அமெரிக்காவின் சிறுவர் புற்றுநோய் ஆய்வுக் குழு நடத்திய பெரிய ஆய்வொன்றில், ஒரேவிதமான மருந்தும் கதிர்வீச்சும் பெற்ற 562 பேரின் தரவிலிருந்து 2017இல் வந்த கணக்கு இது. பூச்சியம் பெற்றவர்களில் நூற்றுக்கு 93 பேர் நான்கு ஆண்டுகள் ‘நிகழ்வு’ ஏதுமின்றிக் கடந்தார்கள். ஒரு புள்ளிக்கு 89, இரண்டுக்கு 78, மூன்றுக்கு 69. நான்கு புள்ளிக்குக் கணக்கே இல்லை: நான்காம் நிலையில் காய்ச்சலும் உள்ளவர்கள் அதிக ஆபத்துப் பிரிவென்று அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை.

அக்கா 78ஐக் கேட்டதும் மிச்சம் 22ஐக் கணக்குப் பார்த்து அழுதுவிட்டார். தாய்மார் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். ‘நிகழ்வு’ என்பது மரணம் மட்டுமல்ல. நோய் திரும்புவது, மருந்துக்கு அடங்காமல் வளர்வது, வேறொரு புற்றுநோய் வருவது எல்லாம் அதற்குள் அடக்கம். திரும்பி வந்தாலும் மறுபடி சிகிச்சை செய்து குணமாக்கலாம். அந்த ஆய்வில் சேர்ந்த 1,700க்கும் மேற்பட்டவர்களில் நிகழ்வின்றிக் கடந்தவர்கள் நூற்றுக்கு 85. நான்கு ஆண்டுகளின் பின் உயிரோடு இருந்தவர்கள் 98 அளவில். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துச் சொல்லாமல் ஒன்றை மட்டும் சொல்வது பெற்றோருக்குச் செய்யும் அநியாயம்.

பிறகு ஏன் புள்ளி? எவ்வளவு சிகிச்சை தேவை என்று பார்க்கத்தான். வெள்ளம் கடலுக்கு வடிய எங்கள் வாவிக்கு முகத்துவாரம் வெட்டுவதுபோலத்தான் இதுவும். பிந்தினால் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயல் மூழ்கும்; தேவையில்லாமல் வெட்டினால் வாவித் தண்ணீர் வீணாகக் கடலுக்குப் போகும். மருந்து குறைந்தால் நோய் திரும்பும். கூடினால் டொக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து இருதயத்தைப் பலவீனப்படுத்தலாம். நெஞ்சுக்குக் கொடுத்த கதிர்வீச்சு பல ஆண்டுகளின் பின் மார்பிலோ தைரொயிட்டிலோ புற்றுநோயாக வரலாம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு முன்னால் அறுபது வருடம் கிடக்கிறது. புள்ளி தனியாக இதைத் தீர்மானிப்பதில்லை. நோயின் நிலையையும், முதல் இரண்டு சுற்று மருந்துக்குக் கட்டி எவ்வளவு கரைந்தது என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

கடைசியில் அக்கா கேட்டார்: “காய்ச்சல் வந்ததை நான் சொல்லாம விட்டிருந்தா ஒண்டுதானே வந்திருக்கும்?”

புள்ளி குறைந்திருக்கும் அக்கா, நோய் குறைந்திராது என்றேன். மற்ற மூன்றையும் எக்ஸ்ரேயும் ஸ்கானும் ஆய்வுகூடமும் பிடித்துவிடும். இரவில் ஏறி, பனடோலுக்கு இறங்கி, கிளினிக்குக்குப் போகும்போது தணிந்திருக்கும் காய்ச்சலை வைத்தியருக்குச் சொல்ல ஆள் ஒருவர்தான். அக்கா பிள்ளையின் கொப்பியில் திகதி போட்டுக் காய்ச்சலை எழுதி வைத்திருந்தார்.