கஜுவைப் பொறுக்கி எடுத்துவிட்டால் போதாது

அந்த அம்மம்மா கசங்கிய டிஷ்யூ ஒன்றைக் கையில் பொத்தி வைத்திருந்தார். என் முன்னால் அதைப் பிரித்தார். உள்ளே 11 கஜுத் துண்டுகள், அதாவது முந்திரிப் பருப்புத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் லவ் கேக்கின் ரவை ஒட்டியிருந்தது.

"எல்லாத்தையும் முள்ளுக்கரண்டியால எடுத்துப்போட்டுத்தான் குடுத்தனான் டொக்டர். ஒண்டுகூட விடேல்ல."

திரைக்கு அந்தப் பக்கம் அவருடைய நாலு வயதுப் பேரன் ஒட்சிசன் மாஸ்க்கோடு படுத்திருந்தான். பிழைத்துக்கொண்டான், வீட்டுக்கும் போய்விட்டான். ஆனால் இதே வசனத்தோடு இந்த வருடம் என்னிடம் வந்த மூன்றாவது குடும்பம் இது. மூன்று வீட்டிலும் பிள்ளைக்குக் கஜு ஒவ்வாமை என்று எல்லோருக்கும் தெரியும். மூன்று வீட்டிலும் யாரோ ஒருவர் அன்போடு உட்கார்ந்து கஜுவைப் பொறுக்கியிருக்கிறார்.

பொறுக்குவதால் ஏன் பயனில்லை என்று விளங்கப்படுத்துகிறேன். பிள்ளையின் உடம்பு எதிர்ப்பது கஜுவில் உள்ள புரதத்தை. ஒரு கஜுவின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு புரதம். அதாவது ஒரு முழுக் கஜுவில் ஏறக்குறைய 250 மில்லிகிராம். ஒவ்வாமை கடுமையாக உள்ள சிலருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராமே போதும். ஒரு கஜுவை நூறு துண்டாக நறுக்கி, அதில் ஒரு துண்டை மட்டும் விட்டுவிட்டாலும் அந்தப் பிள்ளைக்கு அது அதிகம். லவ் கேக்குக்கு நாங்கள் கஜுவை எப்படிப் போடுகிறோம்? பொடியாக நறுக்கி, பாதியை மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றி, ரவையோடும் பட்டரோடும் சேர்த்துக் கிளறுகிறோம். கண்ணில் பட்டதைத்தான் அந்த அம்மம்மா எடுத்தார். படாதது ஒவ்வொரு ரவையிலும் ஒட்டியிருந்தது. மேலே மட்டும் கஜு பதித்த பட்டர் கேக் என்றாலும், பதித்த இடத்தைச் சுற்றி அதன் தூளும் எண்ணெயும் இறங்கித்தான் இருக்கும்.

"அவணில நல்லா வெந்ததுதானே?" என்பது அடுத்த கேள்வி. இது முட்டையிலிருந்து வந்த குழப்பம். முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் பலர் கேக்கில் நன்றாக வெந்த முட்டையைத் தாங்குவார்கள். அதையும் வைத்தியர் பார்த்துத்தான் சொல்லவேண்டும். கஜுப் புரதம் அப்படிப்பட்டதில்லை. வறுத்தாலும் பொரித்தாலும் பேக் பண்ணினாலும் அதன் வேலை குறையாது. பாலும் முட்டையும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர ஒத்துவந்துவிடும். கஜு அனேகமாக வராது.

என்னை மிகவும் வருத்துவது "கிரந்தி" என்ற சொல். எங்கள் வீடுகளில் எது உடம்புக்கு ஒத்துவராவிட்டாலும் கிரந்தி. கத்தரிக்காய் கிரந்தி, இறால் கிரந்தி, சில மீன் கிரந்தி. சாப்பிட்டால் கொஞ்சம் கடிக்கும், சொறியும், இரண்டு நாள் பத்தியம் இருந்தால் சரி. அந்த அனுபவம் பெரியவர்களுக்கு உண்மையானதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கஜு ஒவ்வாமையையும் அதே பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். அதனால்தான் "கொஞ்சம் குடுத்துப் பழக்கினா உடம்பு ஏற்றுக்கொள்ளும்" என்று தொடங்குகிறது. தயவுசெய்து வீட்டில் பழக்கவேண்டாம். போன தடவை வாயைச் சுற்றி நாலு தடிப்பு மட்டும் வந்தது என்பது அடுத்த தடவைக்கு எந்த உத்தரவாதமும் தராது. அடுத்த தடவை மூச்சுக்குழாய் இறுகலாம், இரத்த அழுத்தம் விழலாம். இந்தப் பேரனுக்கும் இரண்டு வயதில் வந்தது தடிப்பு மட்டும்தான்.

அதற்காகக் கேக் அடிக்கவேண்டாம் என்று எந்தக் குடும்பத்துக்கும் நான் சொல்வதில்லை. மார்கழியில் வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் படியேறும்போதே ரோஸ் வாட்டரும் ஏலக்காயும் மணக்கும். அந்த மணத்திலிருந்து ஒரு பிள்ளையை வெளியே நிறுத்தினால் அதுவும் ஒரு காயம். முறையை மாற்றுங்கள். பிள்ளையின் வீட்டில் கஜு வேண்டவே வேண்டாம் என்பதே என் விருப்பம். முடியாது என்றால், பிள்ளையின் கேக்கை முதலில் செய்து மூடி வைத்துவிட்டுப் பிறகு கஜுப் பைக்கற்றை வெட்டுங்கள். மிக்ஸி ஜாரின் பிளேட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள், போன வருடத்துக் கஜு மா அங்கே இருக்கும். அரிதட்டும் மரக்கரண்டியும் அப்படித்தான். பிள்ளைக்கென்று தனியாக வாங்குங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். சானிட்டைசர் கிருமியைக் கொல்லும், புரதத்தை அகற்றாது.

பெயரையும் நம்பாதீர்கள். கிறிஸ்மஸ் கேக்கின் மேல் "ஆமண்ட் ஐசிங்" என்று பூசுகிறோமே, கொழும்பில் அதற்குள் பல இடங்களில் அரைத்திருப்பது கஜு. பாதாம் பிரச்சினையில்லை, கஜுதான் பிரச்சினை என்று வாங்கிக் கொடுத்த ஒரு தகப்பனை எனக்குத் தெரியும். பிஸ்தாவும் கஜுவும் ஒரே குடும்பம். கஜு ஒத்துவராத பிள்ளைக்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஒத்துவராது. கச்சான் (நிலக்கடலை) வேறு இனம், அது பயறு பருப்போடு சேர்ந்தது. அதையும் நீங்களாக முடிவெடுக்காமல் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

வீட்டில் கேக் செய்து விற்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இதை எவ்வளவு பாடுபட்டுச் செய்கிறீர்கள் என்று தெரியும். ஓர்டர் எடுக்கும்போது "யாருக்காவது அலர்ஜி இருக்கா?" என்று கேளுங்கள். பெட்டியின் மேல் என்னென்ன போட்டீர்கள் என்று எழுதி ஒட்டுங்கள். உங்கள் சமையலறையில் கஜு புழங்கினால் அதையும் எழுதுங்கள். ஒரு ஓர்டர் போனாலும் பரவாயில்லை.

வெளியில் சாப்பிடப் போகும்போது கஜு எங்கே ஒளிந்திருக்கும் என்று பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. புரியாணியின் மேலும் வட்டிலப்பத்தின் மேலும் தூவியிருப்பது கண்ணுக்குத் தெரியும். குருமாவிலும் பட்டர் சிக்கனிலும் குழம்பைக் கெட்டியாக்க அரைத்து ஊற்றியது தெரியாது. கஜு போட்டு வதக்கிய அதே தாச்சியில் பிள்ளைக்கு ஃபிரைட் ரைஸ் கிளறுவார்கள். ஐஸ்கிரீம் கடையில் எல்லாச் சுவைக்கும் ஒரே கரண்டி. அதை முக்கி எடுக்கும் பாத்திரத்துத் தண்ணீரை ஒரு முறை எட்டிப் பாருங்கள், பிஸ்தாத் துகள் மிதக்கும். பஃபே என்றால் இன்னும் மோசம், ஒரு கரண்டி பத்துத் தட்டுக்குப் போகும். இந்தப் பிள்ளைகளுக்குப் பஃபே வேண்டாம்.

கடையில் "கஜு பிடிக்காது", "ஒத்துக்கொள்ளாது" என்று மெதுவாகச் சொல்லாதீர்கள். பரிமாறுபவர் அதைச் சமையலறையில் "கஜு குறைச்சுப் போடு" என்றுதான் சொல்வார். "கஜு பட்டால் பிள்ளைக்கு மூச்சு நின்றுவிடும்" என்று சொல்லுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் கஜு கஜுதான், பாஷை தெரியாது என்ற சாக்கு வேண்டாம். சமைப்பவரிடம் கேளுங்கள். அவர் தயங்கினால் எழுந்து வாருங்கள், வழியில் அப்பக் கடை இருக்கிறது.

இடையில் ஒன்று. மீன் பணிஸ் சாப்பிட்டு முகம் சிவந்து, தலையிடித்து வரும் எல்லோருக்கும் மீன் ஒவ்வாமை இல்லை. சூரை போன்ற மீன்களைப் பிடித்த உடனே குளிரில் வைக்காவிட்டால் ஒவ்வாமை போலவே காட்டும் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும், சமைத்தாலும் போகாது. ஒன்றாகச் சாப்பிட்ட இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் வந்தால் அந்தப் பக்கமும் யோசியுங்கள். வாழ்நாள் முழுக்க மீனை விலக்க முன் எங்களிடம் வந்து உறுதிப்படுத்துங்கள்.

இனி பிரிற்றன், ஒவ்வாமைக்கு வீடுகளில் கொடுக்கும் மருந்து. அந்தப் பேரனுக்கு அன்று நடந்தது இது. 6.30க்குக் கேக். ஐந்து நிமிடத்தில் பிள்ளை நாக்கை வெளியே நீட்டிப் பல்லால் சுரண்டியிருக்கிறான். சின்னப் பிள்ளைக்கு "வாய்க்குள் அரிக்கிறது" என்று சொல்லத் தெரியாது, இப்படித்தான் காட்டும். பிறகு கழுத்தில் தடிப்பு. பிரிற்றன் பாணி கொடுத்துப் படுக்க வைத்தார்கள். ஒரு தடவை சத்தி எடுத்தான், "நல்லது, வெளியில போயிட்டுது" என்று எல்லோருக்கும் நிம்மதி. பிறகு இருமல், குரல் கம்மல். அப்போதுதான் ஓட்டோ பிடித்து, ஞாயிறு மாலைக் காலி வீதி நெரிசலில் வந்து சேர 7.25. அழாமல், வெளிறிப்போய், தாயின் தோளில் துவண்டு கிடந்தான். அழுது கத்தும் பிள்ளையைப் பார்த்து நாங்கள் இவ்வளவு பயப்படுவதில்லை.

பிரிற்றன் தடிப்பையும் அரிப்பையும் குறைக்கும், அதுவும் அரை மணிநேரம் போல எடுக்கும். இறுகும் மூச்சுக்குழாயை அது திறக்காது, விழும் இரத்த அழுத்தத்தைத் தூக்காது. அதைச் செய்யும் மருந்து அட்ரினலின் ஒன்றுதான். தொடையின் வெளிப்பக்கத் தசையில் ஊசியாகப் போடவேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை கடுமையாக வந்த பிள்ளை என்றால், வீட்டில் வைத்திருக்க அட்ரினலின் வேண்டுமா என்று உங்கள் வைத்தியரிடம் கேட்டு, போடும் விதத்தைக் கையால் செய்து பழகுங்கள். அம்மம்மாவும் பழகவேண்டும், பிள்ளை பகல் முழுக்க அவரோடுதானே. எப்போது மாற்றவேண்டும் என்று பெட்டியிலேயே எழுதுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள்.

தடிப்போடு இருமல், இழுப்பு, குரல் மாற்றம், திரும்பத் திரும்பச் சத்தி, சோர்வு, இதில் ஒன்று வந்தாலும் காத்திருக்க வேண்டாம். ஊசி இருந்தால் உடனே போட்டுவிட்டு 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. பிள்ளையை நடக்கவிடாதீர்கள், படுக்க வையுங்கள், மூச்சு முட்டினால் இருத்தி வையுங்கள். ஊசிக்குப் பிறகு தேறிவிட்டான் என்று வீட்டில் நிற்காதீர்கள். சில மணிநேரம் கழித்து இரண்டாம் தடவை வரலாம், அதற்காகத்தான் வைத்தியசாலையில் வைத்துப் பார்க்கிறோம்.

போன கிழமை அந்த அம்மம்மா கிளினிக்குக்கு வந்தார். புது மிக்ஸி ஜார் வாங்கியாயிற்றாம். மகள் பழைய ஜாரை வீட்டிலிருந்தே அகற்றிவிட்டாராம். மடியில் இருந்த பேரனின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்: "கஜு இல்லாம லவ் கேக் வருமா டொக்டர்?" ரவையைக் கொஞ்சம் கூட்டி, தேங்காய்ப்பூவைப் பொன்னிறமாக வறுத்துப் போடச் சொன்னேன், பேரனுக்குத் தேங்காய் தாராளமாக ஒத்துவருகிறது. ஆமண்ட் எசன்ஸ் வேண்டாம், ரோஸ் வாட்டர் போதும் என்றேன். பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.