தேயத் தேய ஏன் இறுகுகிறது கிளட்ச்?

நிலாவெளி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "என் பழைய மாருதி 800 ரிவர்ஸ் போடும்போது கரகரத்தது. கராஜில் கிளட்ச் கேபிளை இறுக்கித் தந்தார்கள். இப்போது உவர்மலை ஏற்றத்தில் எஞ்சின் உறுமுகிறது, கார் ஏற மாட்டேன் என்கிறது. பிளேட் மாற்றத்தான் வேண்டுமா?"

முதலில் ஒரு அடிமட்டத்தை எடுங்கள். கிளட்ச் பெடலைக் கையால் மெல்ல அழுத்துங்கள். தொடக்கத்தில் கொஞ்சத் தூரம் சும்மா போகும். பிறகு பாரம் தெரியும். அந்தச் சும்மா போகும் தூரத்தைத்தான் மெக்கானிக்மார் 'பிளே' என்பார்கள். இந்த வகைக் கார்களில் பெரும்பாலும் 15 முதல் 25 மில்லிமீற்றர் வரை இருக்கும். உங்கள் காரின் கைநூலில் உள்ள அளவே முடிவானது. உங்கள் பெடலில் பிளே இல்லாமலே போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃபிளைவீலுக்கும், அதை நோக்கி அழுத்தும் தட்டான பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் நெரிபட்டு நிற்கிறது. உராய்வுதான் காரை இழுக்கிறது. இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். அழகு, அந்த அழுத்தத்தைத் தரும் வில்லில் இருக்கிறது. அது சுருள்வில் அல்ல, ஆழமில்லாத ஒரு கூம்புத் தட்டு. நடுவை நோக்கி நீளமாகக் கீறி வைத்திருப்பார்கள். கீறல்களுக்கு இடையே நிற்கும் நாக்குகளுக்கு விரல்கள் என்றே பெயர். தட்டின் வெளி விளிம்பு பிரஷர் பிளேட்டை அழுத்துகிறது. விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரு வளையம் அதைத் தாங்குகிறது. சிறுவர் பூங்கா சீசோவைப் போல, ஒரு பக்கம் போனால் மறுபக்கம் எதிரே வரும். பெடலை மிதித்தால் கேபிள் கவையை (கவட்டை வடிவ நெம்புகோலை) இழுக்கும், கவை பேரிங்கைத் தள்ளும், பேரிங் விரல் நுனிகளை அழுத்தும், வெளி விளிம்பு பின்வாங்கும், பிளேட் விடுபடும்.

சரி, பிளேட் தேய்கிறது என்று வையுங்கள். மெலிந்த பிளேட்டைப் பிடிக்க வெளி விளிம்பு ஃபிளைவீல் பக்கம் இன்னும் நெருங்க வேண்டும். அது அங்கே போனால் விரல் நுனிகள் இங்கே, பேரிங்கை நோக்கி வரும். விரல்கள் நீளமானவை என்பதால் அசைவும் பெருகும். மும்மடங்கு என்று வைத்தால் அரை மில்லிமீற்றர் தேய்மானம் நுனியில் ஒன்றரை மில்லிமீற்றர். பேரிங்குக்கும் விரலுக்கும் இடையில் விடும் இடைவெளியே கிட்டத்தட்ட அவ்வளவுதான்! ஆக, தேயத் தேய பிளே குறைகிறது. முற்றாகப் போய்விட்டால் யாரும் மிதிக்காமலே கிளட்ச் கொஞ்சம் மிதிபட்டபடி இருக்கும். பிளேட் வழுக்கும், சூடாகும், இன்னும் வேகமாகத் தேயும்.

கேபிள் நீண்டால் கதை நேர் எதிர். பிளே கூடும், அடிவரை மிதித்தாலும் பிளேட் விடுபடாது, கியர் கரகரக்கும். கேபிளை இறுக்குவது இதற்கு மட்டும்தான் உதவும்.

மாருதியின் ரிவர்ஸ் கியரில் சிங்க்ரோமெஷ், அதாவது பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு, கிடையாது. அதனால் உள்ளே சுழற்சி அடங்கும் முன் போட்டால் நல்ல கிளட்ச்சிலும் கரகரக்கும். மிதித்துச் சில விநாடி பொறுத்துப் போட்டால் சத்தம் வரவில்லையா? அப்படியானால் கேபிளில் குறையே இருந்திருக்காது. கவை முனையிலுள்ள நட்டைத் தளர்த்தி, பிளேயைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்து, மறுபடி ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் வழுக்கினால் பிளேட் தேய்ந்திருக்கும், அல்லது அதில் ஒயில் பட்டிருக்கும்.

கார் இழுக்கவில்லை என்றதும் கண்ணூறு என்று தேசிக்காய் வெட்டுகிறவர்கள் உண்டு. அளந்து பார்க்காமல் பிளேட் மாற்றச் சொல்கிறவர்களும் உண்டு. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

நம் ஊரில் கடற்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். உப்பு ஈரம் கேபிள் உறைக்குள் இறங்கித் துருவேற்றும். வளைந்த கேபிளில் உராய்வு பெருக்கல் கணக்கில் ஏறும். மொத்தம் 180 பாகை வளைந்த கேபிளில் உராய்வுக் குணகம் 0.1 என்றால், மறுமுனையில் 100 நியூற்றன் கிடைக்க 137 நியூற்றன் இழுக்க வேண்டும். குணகம் 0.3 ஆனால் 257! நட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் இது தீராது, கேபிளை மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும்போது எஞ்சினையும் காரின் உடற்கூட்டையும் இணைக்கும் எர்த் வயரையும் பாருங்கள். அது துருப்பிடித்திருந்தால் ஸ்ரார்ட்டருக்கான மின்னோட்டம் கிளட்ச் கேபிள் வழியே பாய்ந்து, உறையின் உள் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். பற்றரியைக் கழற்றிவிட்டு, எர்த் வயரின் இரு முனைகளையும் சுரண்டி இறுக்குங்கள்.