உந்தியு: கவிழ்ந்த பானையின் பெயர்

‘உந்தியு’ என்று தமிழில் எழுதியதும் நமக்கு நினைவுக்கு வருவது உந்திதான். கொப்பூழ், திருமாலின் உந்திக்கமலம் என்று மனம் போகும். சாப்பாட்டின் பெயர் என்பதால் அதை வயிற்றோடு முடிச்சுப் போடவும் வசதியாக இருக்கும். போட வேண்டாம். இது முழுக்கக் குஜராத்திச் சொல், காய்களும் கிழங்குகளும் சேர்த்துச் செய்யும் ஒரு பண்டத்தின் பெயர். வயிற்றுக்கும் இதற்கும் உறவில்லை.

குஜராத்தியில் ‘ஊந்து’ என்றால் தலைகீழாக, கவிழ்ந்த, குப்புற என்று பொருள். இந்தியில் ‘ஔந்தா’ என்பார்களே, அதன் உடன்பிறப்பு. தலை கீழ்நோக்கியது என்ற பொருளுடைய ‘அவமூர்த்த’ என்னும் வடசொல்லை இரண்டுக்கும் மூலமாகக் காட்டுவார்கள். இதற்கு எதிர்ச்சொல் ‘சத்து’, அதாவது மல்லாந்த நிலை. குப்புறப் படுப்பதையும் ‘ஊந்து’ என்றே சொல்வார்கள். முன்பின் பாராமல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடுகிறவனுக்கும், சொன்னதற்கு நேர்மாறாகச் செய்கிறவனுக்கும் அதே சொல்தான். அதோடு ‘இயு’ என்ற விகுதி சேர்ந்து ‘ஊந்தியு’ ஆகிறது: கவிழ்த்து வைத்துச் செய்த பண்டம். குஜராத்தியில் ஆண்பால், பெண்பால் தவிர அஃறிணைப் பாலும் உண்டு. கடைசியில் மூக்கொலியோடு வரும் உகரம் அந்தப் பாலின் அடையாளம். தமிழில் அந்த மூக்கொலியைக் காட்ட வழியில்லை, விட்டுவிடலாம்.

எழுத்து முறை பற்றி ஒரு வார்த்தை. ஆங்கில எழுத்தைப் பார்த்துச் சிலர் ‘உண்டியு’ என்று எழுதுகிறார்கள். அது பிழை, உண்டியலோடு குழப்பமும் வரும். நடுவில் இருப்பது பல்லொலி, எனவே ‘ந்தி’ தான் சரி. முதலெழுத்தைக் குஜராத்தியில் நெடிலாக எழுதுவார்கள். ஆனால் பேச்சில் இகர உகரங்களின் குறில் நெடில் வேறுபாடு அந்த மொழியில் தேய்ந்துபோய்விட்டது. ஆகையால் உந்தியு, ஊந்தியு இரண்டும் பொருந்தும்.

எது கவிழ்ந்தது? பானை. குஜராத்தியில் ‘மாட்லு’ என்பார்கள். வயலோரத்தில் குழி வெட்டி, மண்பானைக்குள் காய்களையும் கிழங்குகளையும் அடுக்கி, உப்பும் ஓமமும் தூவி, வாயில் இலைகளைத் திணித்து அடைப்பார்கள். பிறகு பானையைக் குப்புறக் குழிக்குள் வைத்து, அதன் மேலும் சுற்றிலும் வறட்டியும் சுள்ளியும் போட்டு எரிப்பார்கள். நெருப்பு மேலே, வாய் கீழே. தண்ணீர் ஊற்றுவதில்லை. பானையின் வாய் மண்ணில் பதிந்திருப்பதால் ஆவி வெளியே போகாது. காயின் ஈரத்திலேயே காய் வெந்துவிடும். அறுவடைக் காலத்தில் வயலை விட்டு நகர முடியாதவர்களுக்கு வசதியான சமையல்: அடுப்பு வேண்டாம், கிண்ட ஆள் வேண்டாம், நெருப்பு மூட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம்.

இன்று சூரத்தில் ஏதாவது ஒரு கடையில் போய்ப் பார்த்தால் கவிழ்ந்த பானை எதுவும் கண்ணில் படாது. பெரிய அண்டாக்களில், கடலை எண்ணெய் மிதக்க மிதக்க, நிமிர்ந்த பாத்திரத்தில்தான் உந்தியு வேகிறது. மண்ணடுப்புச் சமையல் வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் வந்தபோது பானை நிமிர்ந்துவிட்டது, பெயர் மட்டும் கவிழ்ந்தபடியே இருக்கிறது. மேற்குக் குஜராத்தின் காட்டியாவாட்டுப் பக்கம் பண்ணை விருந்துகளில் ‘மாட்லா உந்தியு’ என்று பழைய முறையில் செய்கிறார்கள். கவனியுங்கள்: பானையில் செய்தது என்று தனியாக அடைமொழி போட வேண்டியிருக்கிறது. ‘உந்தியு’ என்ற சொல்லே ஒரு காலத்தில் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தது!

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தெற்குக் குஜராத்தில், வல்சாட் பக்கம், குளிர்காலத்தில் நெடுஞ்சாலையோரம் ‘உம்பாடியு’ விற்பார்கள். கலார் என்று அவர்கள் சொல்லும் செடியின் மணமுள்ள இலையைப் பானைக்குள் வைத்து, அவரையும் கிழங்குகளும் போட்டு, எண்ணெயும் தண்ணீரும் இல்லாமல், பானையைக் கவிழ்த்து, சுற்றிலும் நெருப்பிட்டுச் சுடுவது. ‘உம்பாடியு’ என்றால் கொள்ளிக்கட்டை. ஆக, கவிழ்த்தல் என்ற பெயரை வைத்துக்கொண்டிருக்கும் பண்டம் கவிழ்ப்பதை விட்டுவிட்டது. இன்னும் கவிழ்த்துக்கொண்டிருக்கும் பண்டத்துக்கோ கொள்ளிக்கட்டையின் பெயர்.

உள்ளே போகும் பொருள்களுக்குத் தமிழ்ப் பெயர் தேட அலைய வேண்டியதில்லை. ‘பாப்டி’ என்பது அவரை. சூரத்தின் சிறிய, பிஞ்சான வகைக்குத் தனி மவுசு. ‘ரத்தாளு’ என்பது ஊதா நிறப் பெருவள்ளிக்கிழங்கு, ஈழத்தில் இராசவள்ளி. ‘சக்கரியா’ நம் சர்க்கரைவள்ளி. பச்சைத் துவரைக்கு ‘லீல்வா’. இவற்றோடு சின்னக் கத்தரிக்காய், சின்ன உருளைக்கிழங்கு, வாழைக்காய். சூரத்தியர் இவற்றுக்குப் பச்சை மசாலா போடுவார்கள்: கொத்தமல்லித் தழை, பச்சைப் பூண்டுத்தாள், பச்சை மிளகாய், தேங்காய்த் துருவல், கொஞ்சம் சர்க்கரை. காட்டியாவாட்டுக்காரர்களுக்குச் சிவப்பு மிளகாய்க் காரம் வேண்டும். சமணர் வீட்டில் கிழங்கும் பூண்டும் விலக்கு என்பதால் வாழைக்காயும் அவரையும்தான் முழுச் சுமையையும் தாங்கும்.

‘முட்டியா’ மட்டும் தனியாகப் பேச வேண்டிய சொல். வெந்தயக்கீரையும் கடலை மாவும் பிசைந்து, கையால் பிடித்துப் பொரித்துப் போடும் உருண்டை அது. ‘முட்டி’ என்றால் மூடிய கை. கைப்பிடிக்குள் உருவானதால் முட்டியா. நம் பிடிகொழுக்கட்டையும் இதே வழியில் பெயர் பெற்றதுதான். இதற்குத் தமிழில் ‘கீரைப்பிடி’ என்று சொன்னால் யாருக்கும் விளக்கம் வேண்டியிருக்காது.

இனி உந்தியுவுக்குத் தமிழில் என்ன சொல்வது?

‘குஜராத்தி அவியல்’ என்பது பரவலான பதில். பல காய், தேங்காய், வாழைக்காய் என்று பார்த்தால் ஒற்றுமை இருக்கிறது. ஆனால் அவியலில் காய் தண்ணீரில் வேகும், தயிர் சேரும். பழைய முறை உந்தியுவில் இரண்டும் கிடையாது. ‘கூட்டு’ என்றால் பருப்பு நினைவுக்கு வருகிறது. ‘கலவைக் காய்கறி’ என்றால் விடுதிச் சாப்பாட்டுப் பட்டியல் நினைவுக்கு வருகிறது.

தமிழும் சமைக்கும் செயலை வைத்தே பண்டத்துக்குப் பெயரிடும் மொழிதான்: அவி – அவியல், பொரி – பொரியல், வறு – வறுவல். அதே அச்சில் வார்த்தால் கவிழ் – கவிழல். இலக்கணம் ஒத்துக்கொள்ளும், நாக்கு ஒத்துக்கொள்ளாது. ‘இன்று மதியம் கவிழல்’ என்றால் படகோ ஆட்சியோ கவிழ்ந்த செய்தி மாதிரி இருக்கிறது. ‘தலைகீழ்க் கறி’ பொருளில் சரி, ஆனால் கறியே தலைகீழாகிவிட்டதுபோல் ஒலிக்கிறது. கவிழ்ந்தது பாத்திரமே தவிரக் கறி அல்ல.

என் தேர்வு ‘கவிழ்பானைக் கறி’. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. ஆகவே ‘கவிழ்ப்பானை’ என்று வல்லினம் மிகாது. கறி என்றால் இறைச்சி என்று நினைப்பவர்கள் உண்டுதான். வாழைக்காய்க் கறி, கத்தரிக்காய்க் கறி என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு அந்த ஐயம் வராது. கட்டுரையிலோ சமையல் குறிப்பிலோ முதல் முறை ‘உந்தியு என்னும் கவிழ்பானைக் கறி’ என்று அறிமுகம் செய்துவிட்டு, அப்புறம் உந்தியு என்றே எழுதலாம். இட்டிலியை யாரும் குஜராத்தியில் பெயர்த்துச் சாப்பிடுவதில்லை. அந்த மரியாதையை உந்தியுவுக்கும் கொடுக்கலாம்.

உந்தியுவுக்கு உரிய நாள் உத்தராயண், சனவரி 14. மாடியெல்லாம் பட்டம், கடை வாசலெல்லாம் கூட்டம். உந்தியுவும் ஜலேபியும் சேர்த்தே வாங்குவார்கள். நாம் பொங்கல் வைக்கும் அதே நேரம். பெயர் வேறு, அடுப்பு வேறு. காய்க்கூடை மட்டும் ஏறக்குறைய ஒன்று. நம் பொங்கல் குழம்புக்குப் போகும் அவரை, பச்சை மொச்சை, சர்க்கரைவள்ளி, வாழைக்காய், கத்தரி ஆகியவற்றை மேலே சொன்ன பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொங்கலுக்கு மறுநாள் நமக்கு மாட்டுப் பொங்கல். உத்தராயணுக்கு மறுநாள் அவர்களுக்கு ‘வாசி உத்தராயண்’. வாசி என்றால் பழையது, நேற்று மிஞ்சியது. மிஞ்சிய உந்தியுவுக்கும் அன்றைக்கு மாடியில் இடம் உண்டு.